எங்கும் போகாத ராக்கெட்டை எதற்காகச் செய்தார்கள்? பிரான்சின் ‘அகாத்’ குறித்து

வான்தேடி (இழையைத் தொடங்கியவர்)

பிரான்சின் விண்வெளி முயற்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1965 நவம்பர் 26-ஆம் நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்று அல்ஜீரியப் பாலைவனத்திலுள்ள ஹம்மகீரிலிருந்து தியாமான் ராக்கெட் புறப்பட்டு, அஸ்தெரிக்ஸ் என்ற சிறு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. சோவியத் ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து, சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக்கோளை ஏவிய மூன்றாவது நாடாகப் பிரான்சு ஆனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1961-இல், அதே ஹம்மகீரில் பறந்த அகாத் என்ற ராக்கெட்டுக்கு யாரும் ஒரு பத்திக்கு மேல் இடம் தருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அகாத்தின் அலுவல் பெயர் விஇ 110. ஒரே கட்டம், திட எரிபொருள். வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. மம்மூத் என்று பெயரிடப்பட்ட, 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மோட்டார் ஒன்றுதான் அதன் உடலின் பெரும்பகுதி. செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லவோ, வெகுதொலைவிலுள்ள இலக்கைத் தாக்கவோ அது செய்யப்படவில்லை. உயரத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்து மதிப்பிட்டால், அக்காலத்து ஆய்வு ராக்கெட்டுகள் பலவற்றுக்கும் அது பின்னால்தான் நிற்கும்.

அப்படியானால் அதை ஏன் செய்தார்கள்? 1959 செப்டம்பரில் செரெப் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அணுகுண்டைச் சுமந்து செல்லும் தொலைதூர ஏவுகணையை உருவாக்கித் தருவதே அதற்கு இடப்பட்ட பணி. 1960 பிப்ரவரி 13-இல் அல்ஜீரியப் பாலைவனத்திலுள்ள ரெகானில் பிரான்சின் முதல் அணுகுண்டு வெடித்துவிட்டது. அதைச் சுமந்து செல்லும் வாகனம் மட்டும் இல்லை. வெர்னோன் நகரத்து ஆய்வகத்தின் வெரோனிக் போன்ற திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் பிரான்சுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் டன் கணக்கில் எடையுள்ள ஓர் ஊர்தியை மேலே அனுப்பி, அதன் உள்ளே ஒவ்வொரு நொடியும் என்ன நடக்கிறது என்பதை வானொலி அலை வழியாகத் தரையில் பெற்று, பதிவுக் கருவிகளை உடையாமல் மீட்டு, பிறகு அந்த எண்களை வைத்து அடுத்த வடிவத்தைத் தீர்மானிக்கும் ஒழுங்கு அவர்களிடம் இன்னும் உருவாகியிருக்கவில்லை. அளவீட்டுக் கருவிகளையும், அவை வைக்கப்பட்ட பெட்டகத்தையும், அதை மீட்கும் முறைகளையும் சோதிக்கவே அகாத் பறந்தது. சுருங்கச் சொன்னால், ராக்கெட்டுகளைச் சோதிக்கும் ஏற்பாட்டையே சோதித்த ராக்கெட் அது.

அதற்குப் பின் வந்த தோபாஸ், எமரோத், ரூபி, சஃபீர், தியாமான் ஆகிய அனைத்தும் அந்த ஏற்பாட்டின் மீதுதான் நின்றன என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

---

புதுவைவாசி

நல்ல தொடக்கம், ஐயா. ‘விஇ 110’ என்ற அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் வரிசை முழுவதும் தானாகவே விளங்கும் என்பதால் அதை மட்டும் எழுதிவிடுகிறேன். ‘விஇ’ என்பது சோதனை ஊர்தி என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள். முதல் இலக்கம், எத்தனை கட்டங்கள் என்பதைச் சொல்லும். இரண்டாம் இலக்கம் எரிபொருளைச் சொல்லும்: 1 என்றால் திட எரிபொருள், 2 என்றால் திரவ எரிபொருள், 3 என்றால் இரண்டும் கலந்தது. கடைசி இலக்கம் 0 என்றால் வழிகாட்டல் இல்லை, 1 என்றால் உண்டு.

அகாத் 110. வழிகாட்டல் சேர்ந்த திட எரிபொருள் ராக்கெட்டான தோபாஸ் 111. திரவ எரிபொருளில் பறந்த எமரோத் 121. இரண்டு திடக் கட்டங்கள் கொண்ட ரூபி 210. எமரோத்தின் மேல் தோபாஸை அமர்த்திய சஃபீர் 231. எண்ணைப் பார்த்தவுடனே, எதைச் சேர்த்தார்கள், எதைத் தள்ளி வைத்தார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. அகாத்தில் தள்ளக்கூடிய அனைத்தையும் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

---

கரிமருந்து

வான்தேடி அளவீட்டுப் பெட்டகத்தைப் பற்றி எழுதிவிட்டார். மோட்டாரைப் பற்றி நான் எழுதுகிறேன். மம்மூத்தை வெறும் சுமைவண்டியாக எண்ணிவிடக் கூடாது.

திட எரிபொருள் என்றவுடன் பலரும் அது எளிது என்று நினைக்கிறார்கள். பம்பு இல்லை, குழாய் இல்லை, வால்வு இல்லை. பற்ற வைத்தால் எரிகிறது. பாகங்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் திரவ எஞ்சினைத் தரையில் பற்ற வைத்து, கோளாறு தெரிந்தால் அணைத்து, சரிசெய்து, மீண்டும் பற்ற வைக்கலாம். திட மோட்டார் ஒரு முறை பற்றினால் எரிந்து முடியும் வரை நிற்காது. ஒரு முறை எரிந்த மோட்டாரை மறுமுறை சோதிக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு முழு மோட்டாரைச் செலவிட வேண்டியிருக்கிறது. எரிக்கிற மோட்டாரும் பறக்கிற மோட்டாரும் ஒரே மாதிரியானவை என்று நம்புவதற்கு, வார்க்கும் முறையிலேயே கடுமையான ஒழுங்கு வேண்டும்.

உந்துவிசை எவ்வளவு என்பதை எரிபொருள் கட்டியின் வடிவமே தீர்மானிக்கிறது. கட்டியின் நடுவே விடப்படும் துளையின் சுவர்தான் எரியும் பரப்பு. அந்தப் பரப்பு கூடினால் அழுத்தம் கூடும், உந்துவிசையும் கூடும். வார்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டாலோ, இறுகும்போது ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலோ, கட்டி உலோக உறையிலிருந்து ஓரிடத்தில் விட்டுப் பிரிந்தாலோ, தீ அந்த இடுக்குக்குள் புகுந்து எரியும் பரப்பை எதிர்பாராமல் பெருக்கிவிடும். அழுத்தம் ஏறி உறை வெடிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. விட்டம் பெருகப் பெருக இந்த ஆபத்தும் பெருகுகிறது. பெரிய கட்டி உள்ளும் புறமும் ஒரே சீராக இறுகுவதில்லை. 80 சென்டிமீட்டர் விட்டம் இன்றைய கணக்கில் சிறியதுதான். அன்று பிரான்சுக்கு அது பெரிய தாவல்.

பிரான்சில் வெடிமருந்துத் தயாரிப்பு நெடுங்காலமாக அரசின் தனியுரிமையாக இருந்தது. பீரங்கிகளுக்கு மருந்து செய்து கைப்பழக்கம் பெற்ற அதே அரசுத் தொழிற்சாலைகள், குறிப்பாக போர்தோ அருகே உள்ள சேன்-மெதார், ராக்கெட் எரிபொருள் வார்க்கும் இடங்களாகவும் மாறின. பாலியூரித்தேன் பிசினில் அமோனியம் பெர்குளோரேட்டையும் அலுமினியத் தூளையும் கலந்து வார்க்கும் புதிய வகை எரிபொருள் அங்கேதான் தேர்ச்சி பெற்றது. பிறகு வந்த தோபாஸும் தியாமானின் மூன்றாம் கட்டமும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டைப் படம் எடுக்கிறவர்கள், இந்த வார்ப்பு அறையைப் படம் எடுப்பதில்லை.

---

நடுநிலை

மூவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் வான்தேடியின் அடிப்படைக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அகாத், அதன் மேல் தோபாஸ், அதன் மேல் எமரோத் என்று ஏணிப்படிகளைப் போல இந்த வரிசையைக் காட்டுவது பின்னாளில் எழுதப்பட்ட கதை. ஆண்டுகளைப் பாருங்கள். தோபாஸ் 1962 இறுதியில் பறக்கத் தொடங்கி 1965 வரை பறந்தது. எமரோத்தும் ரூபியும் 1964-இல் தொடங்கின. சஃபீர் 1965-இல் தொடங்கி 1967 வரை நீடித்தது. ஆனால் தியாமான் 1965 நவம்பரிலேயே பறந்துவிட்டது. சஃபீரின் சோதனைகள் முடிவதற்கு முன்பே, அந்தச் சோதனைகளால் பயன்பெற வேண்டிய ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது என்றால், அதை எப்படி ஏணி என்று சொல்ல முடியும்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கி, எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் பொருத்தமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எமரோத்தின் முதல் மூன்று ஏவுதல்களும் தோல்வியடைந்தன. அகாத் உருவாக்கித் தந்ததாகச் சொல்லப்படும் அளவீட்டு ஒழுங்கு அவ்வளவு வலுவாக இருந்திருந்தால், மூன்று ராக்கெட்டுகளை இழக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா? அகாத் ஒரு தேவையான சிறு பணியைச் செய்தது. அதற்கு மேல் அதன் தலையில் கிரீடம் வைக்க வேண்டியதில்லை.

---

வான்தேடி

நண்பர் நடுநிலை சொல்லும் ஆண்டுகளில் எனக்கு மறுப்பு இல்லை. சஃபீர் பற்றிய முடிவில்தான் வேறுபடுகிறேன். சஃபீரின் முழு வேலையும் தியாமானுக்காக நடக்கவில்லை. இரண்டு கட்டங்கள் வானில் பிரிவதையும், வழிகாட்டலையும், மீண்டும் வளிமண்டலத்துக்குள் பாயும் முனைக்கூம்பின் வெப்பக் காப்பையும் அது சோதித்தது. வெப்பக் காப்பு செயற்கைக்கோள் ஏவுகிறவர்களுக்கு வேண்டாதது. ஏவுகணைக்காரர்களுக்கு அதுவே உயிர்நாடி. ஆகவே சஃபீர் 1967 வரை பறந்ததை வைத்து, தியாமான் முந்திக்கொண்டது என்று சொல்வது பொருந்தாது. இரண்டுக்கும் வாடிக்கையாளர் வேறு.

எமரோத்தின் தோல்விகளையோ நான் எதிர்த்திசையில் படிக்கிறேன். அது திரவ எரிபொருள் ராக்கெட். நைட்ரிக் அமிலமும் டர்பென்டைனும் தொட்டிகளில் தளும்புவதால் எழுந்த சிக்கல் எந்தத் திட ராக்கெட்டிலும் தோன்றியிருக்க முடியாது. அகாத் எத்தனை முறை பறந்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. ஆனால் மூன்று தோல்விகளுக்குப் பிறகு காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அடுத்த இரண்டையும் வெற்றியாக்கினார்களே, அது எதனால் முடிந்தது? விழுந்து நொறுங்கிய ராக்கெட் பேசாது. அது விழுவதற்கு முன் அனுப்பிய அளவீடுகள்தான் பேசும். அந்த அளவீடுகளைப் பெறும் பழக்கம் 1961-இல் அகாத்துடன் தொடங்கியது.

ஒரே ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. ரூபியின் முதல் கட்டம் எது தெரியுமா? அகாத்தேதான். மம்மூத் மோட்டாரின் மேல், 640 கிலோ எரிபொருள் கொண்ட சிறிய கட்டம் ஒன்றை அமர்த்தி மேலே அனுப்பினார்கள். கண்ணாடி இழையால் சுற்றிய உறை கொண்ட அந்தச் சிறிய கட்டம்தான், பிறகு தியாமானின் மூன்றாம் கட்டமாக அஸ்தெரிக்ஸைச் சுற்றுப்பாதைக்குள் கடைசியாகத் தள்ளியது. காற்றில்லாத உயரத்தில், பம்பரம் போலச் சுழன்றுகொண்டே பற்றி எரிய வேண்டிய கட்டம் அது. தரையில் நின்று அதை முழுமையாகச் சோதிக்க இயலாது. யாராவது அதை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கிக்கொண்டு போனது அகாத்.

---

நடுநிலை

ரூபி பற்றிய வாதத்தை ஏற்கிறேன்; அது வலுவானது. ஆனாலும் மூன்று கட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து பறந்தது 1965 நவம்பர் 26-இல்தான் முதல் முறை. அந்த முதல் முறையே சரியாக நடந்தது என்பதில், திட்டமிடலுக்குரிய பங்கோடு நல்வாய்ப்புக்குரிய பங்கும் இருக்கிறது என்ற என் எண்ணம் மாறவில்லை. அஸ்தெரிக்ஸ் சுற்றுப்பாதையை அடைந்தவுடனேயே அதன் குரல் அடங்கிவிட்டதையும் நினைவுபடுத்துகிறேன். முனைக்கூடு கழன்றபோது ஆன்டெனா சேதமடைந்ததே அதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது.

---

செங்காந்தள்

இதுவரை பேசிய யாரும் ஹம்மகீர் யாருடைய நிலம் என்பதைத் தொடவில்லை. அகாத் பறந்த 1961-இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. கொலோம்-பெஷாரிலிருந்து தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கற்கள் நிறைந்த மேட்டு நிலத்தில் அந்தத் தளம் இருந்தது. பிளாந்தின், பக்கஸ், பெயாத்ரிஸ், பிரிஜித் என்று ஏவுமேடைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். தியாமான் புறப்பட்டது பிரிஜித் மேடையிலிருந்து. பெயர் வைத்தவர்களுக்கு அந்த மண்ணின் பெயர் எதுவும் தோன்றவில்லை போலும்.

1962 மார்ச்சில் எவியான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அல்ஜீரியாவின் விடுதலைக்கு வழி திறந்தது. அதே உடன்படிக்கை சகாராவின் சோதனைத் தளங்களை மேலும் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமையைப் பிரான்சுக்குத் தந்தது. நண்பர் நடுநிலை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள் என்று எழுதினார்; அதற்கான விடை இந்த ஐந்து ஆண்டுக் கெடுவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்க அவர்களிடம் காலம் இல்லை. தியாமானின் நான்காவது ஏவுதல் 1967 பிப்ரவரி 15-இல் நடந்தது. அதே ஆண்டின் நடுவில் தளத்தைக் காலி செய்துவிட்டார்கள். அடுத்த தியாமான் புறப்பட்டது 1970 மார்ச்சில், தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து.

---

வான்தேடி

செங்காந்தள் அம்மா சொல்லும் கெடு மிகச் சரியான கோணம். ஆண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதற்கு அதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு சிறு சேர்க்கை மட்டும்: 1959-இல் செரெப் தொடங்கப்பட்டபோதும், 1961 ஜூனில் அகாத் பறந்தபோதும் அந்தக் கெடு இன்னும் எழுதப்பட்டிருக்கவில்லை. அகாத் மட்டும் நிதானமாகத் திட்டமிடப்பட்டது. மற்றவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பறந்தன.

---

தும்பை

இந்திய வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு என்பதால் இடையே நுழைகிறேன். 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து புறப்பட்ட முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி. ஆனால் அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பிறகு சூட்-ஏவியேஷன் நிறுவனத்தின் சென்தோர் என்ற இரு கட்டத் திட எரிபொருள் ஆய்வு ராக்கெட்டை உரிமம் பெற்று இந்தியாவிலேயே செய்தார்கள். கரிமருந்து விவரித்த வார்ப்பு ஒழுங்கு நம் ஊருக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று.

அடுத்த தொடர்பு அப்துல் கலாம் அவர்களோடு. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை அவருடைய குழு வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, அதே கட்டத்தைத் தங்கள் தியாமானின் புதிய வடிவத்திலும் பயன்படுத்த முடியுமா என்று பிரெஞ்சு விண்வெளி அமைப்பு கேட்டது. அதற்கேற்ப அளவுகளும் மாற்றப்பட்டன. பிரெஞ்சுக்காரர்கள் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் அந்தக் கட்டத்தின் வழிவந்த மோட்டார், 1981 ஜூனில் ஏரியான் ராக்கெட்டில் ஏறிச் சென்ற ஆப்பிள் செயற்கைக்கோளை அதன் இறுதிப் பாதைக்குத் தள்ளியது. ராமேசுவரத்துக்காரர் செய்த திட மோட்டார் கூரூவிலிருந்து பறந்த கதை நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

---

நடுநிலை

தும்பைக்கு நன்றி. எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கரிமருந்திடமே கேட்கிறேன். பேச்சு முழுவதும் அகாத், ரூபி என்றே போகிறது. எண் வரிசையில் ஒரே ஒரு இலக்கம்தான் வேறுபாடு என்றால், அகாத்துக்கும் தோபாஸுக்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம்? வழிகாட்டும் பெட்டி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் 110 என்பது 111 ஆகிவிடுமா?

---

கரிமருந்து

ஆகாது, நண்பரே. அந்த ஓர் இலக்கம்தான் இந்த வரிசையிலேயே கடினமான தாவல் என்று நான் கருதுகிறேன்.

வழிகாட்டல் இல்லாத ராக்கெட் ஏவுசட்டத்தை விட்டு வெளியேறியவுடன் எந்தத் திசையில் போகிறதோ அதுவே அதன் விதி. வழிகாட்டும் ராக்கெட் தன் சாய்வைத் தானே அறிந்து, உந்துவிசையின் திசையைத் திருப்ப வேண்டும். திரவ எஞ்சின் என்றால் எஞ்சினையே கீலில் தொங்கவிட்டு அசைக்கலாம். திட மோட்டாரில் எரியும் அறையும் ராக்கெட்டின் உடலும் ஒன்றே என்பதால், அசைக்க முடிவது வாயு வெளியேறும் வாயான நாசிலை மட்டும்தான். தோபாஸுக்கு நான்கு நாசில்கள், நான்கும் திரும்பக்கூடியவை. உருகிய அலுமினிய ஆக்சைடுத் துளிகளைச் சுமந்துகொண்டு எஃகையே உருக்கும் வெப்பத்தில் வாயு பாய்ந்துகொண்டிருக்கும்போது, நிலையான அறைக்கும் அசையும் நாசிலுக்கும் இடையிலுள்ள மூட்டு கசியாமலும் இறுகிப்போகாமலும் இருக்க வேண்டும். அந்த மூட்டில் ஊசித்துளை அளவு கசிந்தாலும், வாயு அதை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தோபாஸ் 14 முறை ஏவப்பட்டது. அத்தனை முறை ஏவ வேண்டியிருந்ததற்கான காரணம் இப்போது விளங்கும். ஏறத்தாழ 2.2 டன் எரிபொருள் கொண்ட அந்தக் கட்டம், ஹம்மகீரிலும் பிறகு கூரூவிலும் தியாமானின் இரண்டாம் கட்டமாகவே தொடர்ந்தது. 1975-இல் பறந்த கடைசி வகைத் தியாமானில்தான் அதை எடுத்துவிட்டு, நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணையின் இரண்டாம் கட்டமான ரீத்தாவைப் பொருத்தினார்கள். ஏவுகணைக்காகத் தொடங்கிய சோதனை ராக்கெட் செயற்கைக்கோளுக்குப் போயிற்று. அது ஓய்வு பெற்றபோது அதன் இடத்துக்கும் ஏவுகணையின் மோட்டாரே வந்தது.